செகண்ட் ஹேண்ட் பிராடோ: பதினான்கு மாதம் ஓட்டிய பிறகு

வண்டி வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது, 19,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். வாங்கிய முதல் மாதமே எழுதியிருந்தால் சந்தோஷத்தை மட்டும்தான் எழுதியிருப்பேன், அதனால்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன். 2012 மாடல் டொயோட்டா லேண்ட் குரூசர் பிராடோ, 3 லிட்டர் டீசல், ஆட்டோமேட்டிக். இரண்டாவது ஓனரிடம் இருந்த வண்டி. மீட்டரில் 1,18,000 இருக்கும்போது பெங்களூரிலேயே ஒரு டீலர் மூலமாக வாங்கினேன். கேட்ட விலை 33 லட்சம், முடித்தது இருபத்தொன்பதரை லட்சம்.

எனக்கு எதற்கு இவ்வளவு பெரிய வண்டி என்று வீட்டிலேயே கேட்டார்கள். வீடு அல்சூரில். அப்பா விட்டுப்போன தோட்டம் அஞ்செட்டிக்கு அந்தப் பக்கம். ஓசூர், தேன்கனிக்கோட்டை தாண்டிப் போய், தார் ரோடு முடிந்த பிறகு நாலு கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஓர் ஓடை. சித்திரையில் அந்த ஓடையில் வெறும் பாறைதான் கிடக்கும், ஐப்பசியில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். எங்கள் பழைய சின்ன காரில் போய் இரண்டு முறை என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற தொட்டி, அந்த ஆயில் சம்ப், பாறையில் இடித்து உடைந்திருக்கிறது, இரண்டாவது முறை இருட்டிவிட்டது, அது யானை நடமாடுகிற வழி, அம்மாவையும் பிள்ளைகளையும் வண்டிக்குள் உட்கார வைத்துவிட்டு டிராக்டர் வரும்வரை நான் நின்ற அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் இனி இந்தக் காரில் வருவதில்லை என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு 74 வயது. மாதம் ஒருமுறை தோட்டத்தைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

புது வண்டியும் பார்த்தோம். ஃபார்ச்சூனர் ஃபோர் வீல் டிரைவ் ஆட்டோமேட்டிக் பெங்களூரில் அப்போது ஆன் ரோடு 50 லட்சத்தைத் தாண்டியது, அது என் கைக்கு எட்டவில்லை. சிறிய ஜீப் வகை வண்டிகளில் அம்மாவால் பின் சீட்டுக்கு ஏற முடியவில்லை. பழைய வண்டிக்கு வந்தது அப்படித்தான். வங்கியில் வண்டியின் வயதைக் கேட்டதும் கையை விரித்துவிட்டார்கள், சீட்டு எடுத்த பணமும் ஊரில் ஒரு மனை விற்ற பணமும் சேர்த்துத்தான் வாங்கினேன். அதனால் இதில் ஏமாந்தால் திரும்ப எழ முடியாது என்ற பயம் கடைசிவரை இருந்தது. அந்தப் பயம் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பழைய சொகுசு வண்டிகளை எல்லாரும் உள்ளே உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். லெதர் சீட், சன்ரூஃப், மரப் பலகை மாதிரி டாஷ்போர்டு, கதவைச் சாத்தினால் வருகிற அந்தக் கனமான சத்தம். நானும் முதல் இரண்டு வாரம் அப்படித்தான் பார்த்தேன். புதிதாக 80 லட்சம், ஒரு கோடி என்று விற்ற வண்டி 18 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்றால் மனசு தானாகவே கணக்குப் போட ஆரம்பித்துவிடும். ஆனால் விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான், அதன் பாகங்களுக்கு இல்லை. ஒரு கோடி ரூபாய் வண்டியின் ஹெட்லைட் எத்தனை வருடம் கழித்தும் ஒரு கோடி ரூபாய் வண்டியின் ஹெட்லைட்தான்.

என்னைக் காப்பாற்றியவர் சிவாஜி நகரில் பட்டறை வைத்திருக்கும் பாய் ஒருவர். ஆம்பூர்ப் பக்கம் சொந்த ஊர், முப்பது வருடமாகப் பெங்களூரில் டீசல் என்ஜின் வேலை. வாங்கப்போகிற வண்டியை வந்து பார்த்துச் சொல்ல 3,500 ரூபாய் வாங்குகிறார். நான்கு வண்டி பார்க்க வைத்தேன், 14,000 ரூபாய். மொத்தச் செலவில் இதைவிட உருப்படியாகப் போன காசு வேறு இல்லை.

முதல் வண்டிக்கு டீலர் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். பாயிடம் சொன்னேன். "பத்துக்கு வரச் சொன்னா எட்டுக்குப் போகணும் தம்பி"ன்னார். எட்டே காலுக்குப் போய் நின்றோம். பாய் யாரிடமும் எதுவும் பேசாமல் நேராகப் போய் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார், பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். சூடு. எங்களுக்கு முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டிருக்கிறார்கள். டீசல் என்ஜினில் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் தேய்ந்திருந்தாலோ கம்ப்ரெஷன் குறைந்திருந்தாலோ ராத்திரி முழுக்க நின்று காலையில் முதல் ஸ்டார்ட் போடும்போதுதான் அது வெளியே தெரியும், என்ஜின் சூடான பிறகு எல்லா என்ஜினும் நல்ல பிள்ளைதான். மறுநாள் ஆறரை மணிக்குச் சொல்லாமல் போனோம். அது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் மேல் நிற்கிற ஏர் சஸ்பென்ஷன் வண்டி, இடது பக்க முன் மூலை நாலு விரல் இறங்கி நின்றது. ராத்திரியில் காற்று இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிடத்தில் கம்ப்ரெஸர் அதைத் தூக்கிச் சமமாக்கிவிட்டது, பத்து மணிக்குப் போயிருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஏர் சஸ்பென்ஷனில் ரப்பர் பைகளுக்கு ஒரு ஆயுள்தான், ஒரு பை கசிந்தால் கம்ப்ரெஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் போகும், ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும் செலவு அது. வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

இரண்டாவது வண்டி பளபளவென்று இருந்தது. உள்ளே நல்ல வாசனை, கொஞ்சம் அதிகமான வாசனை. பாய் டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்தார். நாம் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இல்லை, மேலே இழுக்க இழுக்க வருமே, அது முடிகிற இடம்வரை முழுசாக இழுத்தார். கடைசி ஒரு அடியில் பெல்ட்டின் நிறம் மாறியது. சாம்பல் நிற நாடாவில் குறுக்கே செம்மண் கோடு, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. நெஞ்சு ஒரு நிமிடம் நின்றுவிட்டது எனக்கு. தரை மிதியடியைத் தண்ணீர் விட்டுக் கழுவலாம், சீட்டை மாற்றலாம், பெல்ட் சுருண்டு கிடக்கிற அந்தப் பெட்டிக்குள் யாரும் கை விடுவதில்லை. சீட் ஓடுகிற தண்டவாளத்தின் அடிப்பக்கம், டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் திருகாணித் தலைகள், ஸ்டெப்னி வைக்கிற குழி, இங்கெல்லாம் டார்ச் அடித்துக் காட்டினார். எல்லாம் துரு. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம், 2022 செப்டம்பரில் இங்கே ஏமலூர், சர்ஜாப்பூர் ரோடுப் பக்கம் எத்தனை பெரிய வண்டிகள் கூரைவரை தண்ணீரில் நின்றன என்பதையும் பார்த்தோம். தண்ணீரில் நின்ற வண்டிகளில் கழுவித் துடைத்து மறுபடி சந்தைக்கு வருபவையும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வண்டிக்குள் ஈரம் போனால் இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு கனெக்டராகப் பச்சை பூத்து நிற்கும்.

மூன்றாவது தில்லி வண்டி. விலை ஆசை காட்டியது. தில்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, பின்னால் அதில் சில தளர்வுகளும் வந்திருக்கின்றன, ஆனால் அந்தப் பயத்தில் விற்ற வண்டிகள் தெற்கே வந்துகொண்டேதான் இருக்கின்றன. வண்டி மோசம் என்று சொல்ல மாட்டேன், பாய்க்கே பிடித்திருந்தது. தடுத்தது வரி. வேறு மாநில வண்டியை இங்கே வைத்து 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் இங்கே பதிவு மாற்றியே ஆக வேண்டும். கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அந்த வரி மேல் செஸ் 11 சதவீதம், சேர்த்தால் ஐந்தில் ஒரு பங்கு. வண்டியின் வயதைப் பார்த்துக் குறைப்பார்கள், உண்மைதான், ஆனால் கணக்கு தொடங்குவது நாம் கொடுத்த விலையிலிருந்து இல்லை, அது புதிதாக விற்ற விலையிலிருந்து. இருபது லட்சம் கொடுத்து வாங்கிவிட்டு எழுபது லட்சத்து வண்டிக்கு வரிக் கணக்குப் பார்க்க வேண்டும். அங்கே கட்டிய வரியைத் திரும்ப வாங்கலாம் என்றார் புரோக்கர். வாங்கலாம், அதற்குத் தில்லி ஆபீசுக்கு நாம் அலைய வேண்டும். என் சித்தி மகன் சென்னையில் டிஎன் வண்டி பார்த்துத் தருகிறேன் என்றான், அதையும் இதே காரணத்தால்தான் விட்டேன். பெங்களூரில் குடியிருப்பவர் கே.ஏ. நம்பர் வண்டிக்கு ஒரு லட்சம் கூடக் கொடுத்தாலும் லாபம்தான்.

அடுத்துதான் இந்த பிராடோ.

இதைத் தேர்ந்தெடுக்கப் பாய் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிராடோ முழுசாக இறக்குமதியான வண்டி, ஆனால் இதில் இருக்கிற 2982 சிசி டி-4டி என்ஜின் நம்ம ஊரில் 2009 முதல் 2016 வரை விற்ற பழைய ஃபார்ச்சூனரில் இருந்த அதே குடும்பத்து என்ஜின். ஃபார்ச்சூனர் பிடதியில் செய்கிற வண்டி, பெங்களூரிலிருந்து மைசூர் போகிற வழியில்தான் தொழிற்சாலை. அதனால் ஃபில்டர், பெல்ட், இன்ஜெக்டர் சீல் என்று என்ஜின் பக்கம் வேண்டிய பல சாமான்கள் ஜே.சி. ரோட்டில் கேட்ட அன்றே கிடைக்கும், இந்த என்ஜினைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருப்பார். ஏணி மாதிரி தனி இரும்புச் சட்டம் உள்ள லேடர் சேஸிஸ், சாதாரண காயில் ஸ்பிரிங், நாலு சக்கரத்துக்கும் எப்போதும் சக்தி போகும், மோசமான பாதையில் மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கு லோ ரேஞ்ச் கியர் தனியாக உண்டு. உடைவதற்கு நுணுக்கமான சாமான் குறைவு. பாடி சாமான்தான் கஷ்டம், விண்ட்ஷீல்டோ ஹெட்லைட்டோ போனால் காத்திருக்கத்தான் வேண்டும், விலையும் அந்த மாதிரிதான்.

இந்த என்ஜினுக்கு ஒரு பலவீனமும் உண்டு, வாங்குபவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் சீல் நாள்பட்டால் கசியும். எரிந்த புகை மேலே ஏறி ஆயிலில் கலந்து ஆயிலைத் தார் மாதிரி ஆக்கும், அந்தக் கசடு கீழே சம்ப்பில் ஆயில் உறிஞ்சுகிற வலையை அடைக்கும், ஆயில் பிரஷர் விழும், என்ஜின் போகும். சில ஆயிரம் ரூபாய் சீலைக் கவனிக்காமல் லட்சக்கணக்கில் என்ஜினைப் பறிகொடுக்கிறார்கள். வாங்குவதற்கு முன் பாய் ஆயில் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டுப் பார்த்தார், கட்டியாக எதுவும் இல்லை. காலை ஸ்டார்ட்டில் டக் டக் சத்தம் இல்லை, புகை இல்லை. வாங்கிய பிறகு முதல் வேலையாகச் சம்ப்பையே இறக்கி அந்த வலையை என் கையில் கொடுத்தார். உள்ளங்கை அளவு வட்ட வலை, ஓரத்தில் மிளகு தூவினது போல நாலைந்து கறுப்புத் துணுக்கு, நடுவில் சுத்தம். எனக்கு அது மருத்துவரிடம் ரிப்போர்ட் வாங்கி எல்லாம் நார்மல் என்று கேட்ட மாதிரி இருந்தது.

டீலரிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். டயர் புதிது என்றார்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் 2216 என்று இருந்தது. 2016-ன் 22-வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் கெட்டியாகிப் பக்கத்தில் மயிர்க்கோடாக வெடித்திருந்தது. அதைக் காட்டியதும்தான் விலை 33-லிருந்து இறங்கவே ஆரம்பித்தது. லோ ரேஞ்ச்சையும் போட்டுக் காட்டச் சொன்னோம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, எல் 4-க்குத் திருகைத் திருப்பினால் டாஷ்போர்டில் விளக்கு மின்னி மின்னி நிலையாக நிற்க வேண்டும். மின்னிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. இதைக் குற்றமாக நினைக்க வேண்டாம், முந்தைய ஓனர் இந்திரா நகரைத் தாண்டி ஓட்டாதவர், பத்து வருடத்தில் ஒருமுறை கூட அதைத் தொட்டிருக்க மாட்டார் என்றார் பாய். மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தி ஏழெட்டு முறை போட்டு எடுத்த பிறகு விழுந்தது. இப்போது தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் போடுகிறேன், சுலபமாக விழுகிறது. பயன்படுத்தாமல் வைத்திருப்பதும் ஒரு தேய்மானம்தான் என்று அன்று தெரிந்துகொண்டேன். நீங்கள் பார்க்கிற வண்டியில் இதைச் சோதிக்காமல் பணம் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அந்த லோ ரேஞ்ச்சுக்காகத்தானே இந்த வண்டியையே வாங்குகிறோம்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக: ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்குகிற படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் தர வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள், போட்டோவை நம்ப வேண்டாம். சேஸிஸ் எண்ணை வைத்துச் சர்வீஸ் சென்டரில் பழைய ரெக்கார்டு கேட்கலாம், நான் கேட்டேன், 2019 வரை ஒழுங்காக இருந்தது, அதன் பிறகு வெளியில் செய்த பில்கள். மீட்டரும் அதோடு ஒத்துப்போயிற்று. என் பெயருக்கு மாறி ஆர்.சி. வர ஐந்து வாரம் ஆனது.

வாங்கிய பிறகு செலவு. இதைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டைமிங் பெல்ட்டுக்கு இன்னும் கிலோமீட்டர் பாக்கி இருந்தது, ஆனால் ரப்பருக்கு வயதும் கணக்கு, ஆகவே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், இன்ஜெக்டர் சீல் எல்லாம் சேர்த்து 58,000. நாலு டயர் 88,000. முன் ஷாக் அப்சார்பர், சக்கரத்தைத் தாங்குகிற கீழ்க் கைகளின் ரப்பர் புஷ் எல்லாம் 92,000, இது எதிர்பார்க்காதது, பள்ளத்தில் இறங்கும்போது வந்த டொக் சத்தத்தை நான் டயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரன்ஷியல் எல்லாவற்றுக்கும் ஆயில் 36,000. பிரேக் 27,000, பேட்டரி 13,000. மொத்தம் 3,14,000. வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கு. மூன்று லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியில் விலை பேசியதால் தப்பித்தேன், கையில் இருந்ததை முழுக்க டீலருக்குக் கொடுத்திருந்தால் பழைய டயரிலும் செத்த புஷ்ஷிலும்தான் ஓட்டிக்கொண்டிருப்பேன்.

ஓட்டுவது எப்படி? ஊருக்குள் லிட்டருக்கு எட்டு, ஹைவேயில் பத்தரை, பதினொன்று. மைலேஜ் பார்ப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். இரண்டு டன்னுக்கு மேல் எடை, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் ஒரு மூச்சு யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏற்றினேன், வளைவில் உடம்பு சாயும், பின்னால் உட்கார்ந்த சின்னவளுக்கு வாந்தி. அகலம் 1.88 மீட்டர், எங்கள் தெருவில் எதிரே ஆட்டோ வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். பின் கதவு பக்கவாட்டில் திறக்கும், பின்னால் ஒட்டி ஒரு வண்டி நின்றால் சாமான் எடுக்க முடியாது.

ஆனால் தோட்டத்துப் பாதையில் இது வேறு வண்டி. போன ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் ஓடும்போது போனோம். முதலில் நான் இறங்கி நடந்து ஆழம் பார்த்தேன், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. எல் 4 போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் தானாகவே ஊர்ந்து இறங்கியது, ஆக்ஸிலரேட்டரைத் தொடக்கூடத் தேவையில்லை, ஒவ்வொரு கல்லாகத் தடவித் தடவி ஏறுகிற மாதிரி, கீழே கல் உருளுகிற சத்தம் கேட்கிறது, உள்ளே அம்மா மடியில் வைத்திருந்த தூக்குச் சட்டியில் மோர் தளும்பக்கூட இல்லை. அக்கரை ஏறும்போது ஒரு சக்கரம் வழுக்கியது, முன் பின் சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டுகிற சென்டர் டிஃபரன்ஷியல் லாக் பட்டனை அழுத்தியதும் மற்ற சக்கரங்கள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டன. அம்மா கண்ணாடியை இறக்கித் திரும்பி ஓடையைப் பார்த்துவிட்டு, "உங்கப்பா இருந்திருந்தா வாரா வாரம் வந்திருப்பார்டா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் மூன்று லட்சம்கூடச் செலவு செய்வேன், மனதாரச் சொல்கிறேன். அவர் ஏறுவதற்கு ஃபுட் போர்டும் கதவுத் தூணில் பிடிப்பதற்குக் கைப்பிடியும் சரியான உயரத்தில் இருக்கின்றன, யாரும் தூக்கிவிடத் தேவையில்லை.

இந்த 19,000 கிலோமீட்டரில் ஒருமுறைகூட நடுவழியில் நிற்கவில்லை. இரண்டு சர்வீஸ் ஆயிற்று, முதலாவது 14,500, இரண்டாவது 16,200, இரண்டும் பாயிடம். டிரைவர் பக்கக் கண்ணாடி ஏறும்போது முனகுகிறது, ரப்பர் சேனல் தேய்ந்திருக்கிறது, ஒரிஜினல் சாமானுக்குச் சொல்லி ஏழு வாரமாகக் காத்திருக்கிறேன்.

நகருக்குள் ஆபீஸ் போய்வர மட்டும், பார்க்கிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இதை வாங்க நினைத்தால் வேண்டாம், அதே பணத்துக்குச் சொகுசான புது வண்டி நிறைய இருக்கிறது. மண் பாதை உங்கள் வாழ்க்கையில் உண்மையாகவே இருந்தால், கே.ஏ. நம்பரில், ரெக்கார்டு உள்ள, லோ ரேஞ்ச் விழுகிற 2012 பக்கத்து பிராடோவுக்கு 30 லட்சம்வரை கொடுக்கலாம், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். காலை ஆறரைக்குச் சொல்லாமல் போய்ப் பாருங்கள், டார்ச் ஒன்று எடுத்துக்கொண்டு, அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற சட்டை போட்டுக்கொண்டு.